அத்தியாயம் 6: தேடிக் கிடைத்ததை மென்பொருளில் ஏற்றுவது

களமருதூரில் குடியிருந்துகொண்டு முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒருவரை இந்த அத்தியாயம் முழுவதும் கூடவே வைத்துக்கொள்வோம். அவருடைய தலைப்பு, கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பயன்படுத்தும் மருந்துச் செடிகள். ஊர் சமவெளியில், உளுந்தூர்பேட்டைப் பக்கம். களப்பணி மேற்கே மலைமேல், வெள்ளிமலை, கரியாலூர் வட்டாரத்தில். பதிவு செய்திருக்கும் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலோ சேலத்திலோ இருக்கும். இந்த மூன்று இடங்களுக்கும் நடுவில் பஸ்ஸில் அலைகிறவர் நல்ல இணைய இணைப்பும் இதழ்ச் சந்தாவும் உள்ள இடத்தில் தேடலை முடித்து, முடிவுகளைக் கோப்பாக எடுத்து வந்து, வீட்டில் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்கோள் மென்பொருள் அவருக்குப் பயன்படுவது இதற்குத்தான். கடைசி மாதத்தில் துணைநூற்பட்டியல் அச்சடித்துத் தரும் கருவி என்று மட்டும் அதை நினைத்தால், அதன் பாதிப் பயன் கைக்கு வராது.

மென்பொருளாக இங்கே ஜோட்டெரோவை எடுத்துக்கொள்கிறேன். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் தொடங்கியது, இலவசம், மூலநிரல் திறந்தது. மெண்டலே, எண்ட்நோட் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் சில வரிகள் உண்டு.

எக்ஸ்போர்ட் பொத்தானையும் இம்போர்ட் பொத்தானையும் அழுத்த இரண்டு நிமிடம் போதும். ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் பல்லிளிக்கும் பிழைகள் உள்ளே நுழைவதும் அதே இரண்டு நிமிடத்தில்தான். ஆசிரியர் பெயர் தலைகீழாக நிற்பது, ஒரே கட்டுரை மூன்று தடவை வருவது, ஆண்டு மாறுவது எல்லாம் அப்போது நடப்பவை. நெறியாளர் சிவப்பு மையில் சுழிக்கும்போது ஐந்நூறு பதிவுகளைத் திரும்பப் புரட்டுவது நடக்கிற காரியமில்லை. ஏற்றும் அன்றே, நாற்பது ஐம்பது பதிவுகளாக, வாசலிலேயே நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

தேடுவதற்கு முன்: எத்தனை பெயர்கள்?

மலை ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் அதற்குப் பல பெயர். அரசு ஆவணங்களில் இன்று கல்வராயன். ஆங்கிலேயர் காலத்து நூல்களிலும் தாவரவியல் எழுத்திலும் கல்ராயன். இந்த மலையின் அரைப் பசுமைமாறாக் காட்டில் உள்ள மர இனங்களின் அமைப்பைப் பற்றிப் புதுவைப் பல்கலைக்கழகத்தார் எழுதி, 1999-ல் 'டிராபிக்கல் எகாலஜி' இதழில் வந்த கட்டுரை, தலைப்பில் கல்ராயன் என்றே சொல்கிறது. கல்வராயன் என்று மட்டும் தட்டியவருக்கு, இந்தக் காட்டைப் பற்றி யாராக இருந்தாலும் முதலில் படிக்க வேண்டிய அந்தக் கட்டுரை கிடைக்காமலே போகலாம்.

மாவட்டப் பெயர் இன்னும் சிக்கல். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ல். அதற்கு முன் எழுதியவர்களுக்கு அது விழுப்புரம் மாவட்டம். விழுப்புரமே 1993-ல்தான் பிரிந்தது. அதற்கும் முன் தென்னாற்காடு. மலையின் மேற்குப் பகுதி, கருமந்துறைப் பக்கம், சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, ஒரே மலையில் ஒரே செடியைப் பறித்த நான்கு பேர் நான்கு மாவட்டங்களின் பெயரில் எழுதியிருப்பார்கள், நான்கும் சரி. தேடல் வரியில் இந்தப் பெயர்கள் எல்லாமே இருக்க வேண்டும், நடுவில் ஆர் போட்டு. ஊர்ப் பெயருக்கும் இதே கதிதான்: களமருதூரை ஆங்கிலத்தில் டி போட்டும் எழுதுகிறார்கள், டி-யும் எச்-சும் சேர்த்தும் எழுதுகிறார்கள்.

பெரிய தொல்லை மக்களின் பெயரில் வருகிறது. மலையாளி என்று ஆங்கிலத்தில் தட்டினால் தரவுத்தளம் கேரளத்தைக் கொண்டுவந்து கொட்டும்: வளைகுடாவுக்குப் போனவர்கள், செவிலியர்கள், சினிமா. கல்வராயனிலும் சேர்வராயனிலும் ஜவ்வாதிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் இருக்கும் மலையாளிப் பழங்குடியினர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போவார்கள். இதற்கு நாட் போட்டுக் கேரளம் என்ற சொல்லை விலக்குவது முதலில் தோன்றும் வழி. அதைச் செய்யாதீர்கள். கேரளத்தோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதிய நல்ல கட்டுரையும் அதோடு போய்விடும். விலக்குவதைவிட இறுக்குவது மேல்: மலையாளி என்ற சொல்லோடு பழங்குடி என்பதையோ மேலே சொன்ன மலைகளின் பெயர்களில் ஒன்றையோ ஆண்ட் போட்டுச் சேருங்கள். நடுவில் ஐ எழுத்துடன் மலையாளி என்று எழுதும் பழைய முறையையும் ஆர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டப் பெயர்களையும் மக்களின் பெயரையும் சேர்ப்பதற்கு முன், நம் ஆய்வாளரின் தேடல் வரி ஏறத்தாழ இப்படி வரும் (தட்டுவது ஆங்கில எழுத்தில்):

(கல்வராயன் ஆர் கல்ராயன்) ஆண்ட் (எத்னோபாட்* ஆர் எத்னோமெடி* ஆர் "மெடிசினல் பிளான்ட்*")

உடுக்குறி, சொல்லின் மீதி எப்படி முடிந்தாலும் சரி என்று சொல்கிறது. அடைப்புக்குறிகளை மறந்தால் எந்தச் சொல்லை எதனோடு முதலில் சேர்ப்பது என்பதைத் தரவுத்தளம் தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளும். இந்த வரிக்குக் கிடைப்பது கொஞ்சமாகத்தான் இருக்கும். கல்வராயனைப் பற்றி எழுதப்பட்டது கடல் அல்ல. அடுத்த சுற்றில் மலையின் பெயரை எடுத்துவிட்டுக் கிழக்குத் தொடர்ச்சி மலை என்று விரிக்கும்போதுதான் எண்ணிக்கை கூடும். இரண்டு சுற்றையும் தனித்தனிக் கோப்பாக எடுங்கள், கலக்காதீர்கள்.

தேடல் ஏடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எந்தத் தேதி, எந்தத் தரவுத்தளம், தட்டிய வரி எழுத்துப் பிசகாமல், போட்ட வடிகட்டிகள் (ஆண்டு, மொழி), வந்த எண்ணிக்கை, சேமித்த கோப்பின் பெயர். முறைப்படியான இலக்கிய ஆய்வுக்கு இன்று உலகமெங்கும் கேட்கப்படும் பிரிஸ்மா நெறிமுறை, 2020-ல் புதுப்பிக்கப்பட்ட வடிவத்தில், ஒவ்வொரு தரவுத்தளத்திலும் எத்தனை பதிவு வந்தது, இரட்டைப் பதிவுகள் எத்தனை நீங்கின என்று படம் போட்டுக் காட்டச் சொல்கிறது. அந்த எண்கள் மென்பொருளில் தானாகச் சேமிக்கப்படுவதில்லை. ஏற்றிக் கலந்தபின் எந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்று சொல்லவும் முடியாது. ஏடு இல்லாதவர் மூன்று வருடம் கழித்து அந்த எண்களைக் கற்பனையிலிருந்துதான் எழுத வேண்டியிருக்கும்.

கோப்பின் பெயரிலேயே தேதியும் தளமும் இருக்கட்டும். தரவுத்தளங்கள் தாமாக வைக்கும் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். டவுன்லோட் அடைவில் ஏழெட்டு சேர்ந்துவிட்டால் எது எதுவென்று தெரியாது.

எங்கே, எப்படி எடுப்பது

முதலில் அனுமதி. அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு 2025 தொடக்கத்திலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இருக்கிறது. ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்ட திட்டம். 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இதில் வருகின்றன. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, வெளியிலிருந்து நுழையக் கடவுச்சொல் கிடைக்குமா என்று நூலகரிடம் கேளுங்கள். இதழைப் படிக்கும் உரிமை வேறு, ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தேடல் தளங்களின் சந்தா வேறு என்பதையும் அப்படியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் படிப்பவர்கள் இலவசத் தளங்களை நம்பித்தான் இறங்க வேண்டும். இந்தத் தலைப்புக்கு அவை ஒன்றும் மோசமில்லை.

பப்மெட் எல்லோருக்கும் திறந்தது. முடிவுகள் வந்ததும் மேலே 'சென்ட் டு' என்று இருக்கும். அதில் 'சைட்டேஷன் மேனேஜர்' என்பதைத் தேர்ந்து, எல்லா முடிவுகளும் என்று சொன்னால் என்பிஐபி என்று முடியும் கோப்பு இறங்கும். ஒரே தடவையில் 10,000 பதிவுகள் வரை தரும். ஜோட்டெரோ இதை நேராகப் படிக்கும். மருந்துச் செடிகளின் வேதியியல், மருந்தியல் கட்டுரைகள் இங்கே நிறைய கிடைக்கும். களஆய்வு எழுத்து அவ்வளவு கிடைக்காது.

வெப் ஆஃப் சயின்ஸ் ஒரு தடவைக்கு 1,000 பதிவுதான் தரும். 2,400 வந்தால் 1 முதல் 1,000, 1,001 முதல் 2,000, மீதி என்று மூன்று கோப்பு. எண்களை ஏட்டில் குறிக்காவிட்டால் நடுக்கோப்பை இரண்டு முறை இறக்கிக் கடைசிக் கோப்பை விட்டுவிடுவது எளிது. ஸ்கோப்பஸிலும் ஒரு தடவைக்கு வரம்பு உண்டு. இரண்டிலும் வடிவம் கேட்கும்போது ஆர்.ஐ.எஸ். என்பதைத் தேர்ந்தெடுங்கள், சுருக்கத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். சுருக்கம் இல்லாமல் எடுத்து வந்தால், இணைப்பு இல்லாத வீட்டில் உட்கார்ந்து தலைப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சி.எஸ்.வி. வடிவம் எக்செலில் அழகாகத் திறக்கும், ஆனால் ஜோட்டெரோ அதை உள்ளே எடுக்காது.

கூகுள் ஸ்காலரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். லட்சம் முடிவு என்று மேலே போட்டாலும் அது காட்டுவது முதல் 1,000 மட்டுமே. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் தரும் பொத்தான் கிடையாது. ஒவ்வொரு முடிவின் கீழும் 'சைட்' என்பதை அழுத்தி ஒவ்வொன்றாக எடுக்கலாம். அல்லது உள்நுழைந்து, நட்சத்திரம் குத்தி 'மை லைப்ரரி'யில் சேர்த்து, அங்கிருந்து மொத்தமாக எடுக்கலாம். உலாவியில் ஜோட்டெரோ கனெக்டர் இருந்தால் முடிவுப் பக்கத்தில் அடைவுச் சின்னம் தோன்றும்; அதை அழுத்திப் பத்துப் பத்தாக டிக் செய்து எடுப்பது இன்னும் சுலபம். அதுவும் வேகமாகப் போனால், நீங்கள் மனிதர்தானா என்று ஸ்காலர் படம் காட்டிக் கேட்கும், பிறகு கொஞ்ச நேரம் கதவை மூடிவிடும்.

அதைவிட முக்கியம், ஸ்காலர் தரும் பதிவு மெலிந்தது. டி.ஓ.ஐ. எண் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) இருக்காது, சுருக்கம் இருக்காது, ஆசிரியர் பலராக இருந்தால் சிலரோடு நிறுத்திவிட்டு 'மற்றவர்கள்' என்று முடித்துவிடும். ஆகவே ஸ்காலரைத் தேடுவதற்குப் பயன்படுத்துங்கள், பதிவு எடுப்பதற்கு வேண்டாம். கட்டுரைத் தலைப்பை அழுத்தி இதழின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அங்கே கனெக்டரை அழுத்துங்கள். கோயம்புத்தூரிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்சா' போன்ற திறந்த இதழ்களின் பக்கத்தில் ஒரே அழுத்தில் முழுப் பதிவும் பி.டி.எஃப்.பும் சேர்ந்து வரும். டி.ஓ.ஐ. எண் மட்டும் கையில் இருந்தால் ஜோட்டெரோவின் மந்திரக்கோல் சின்னத்தை அழுத்தி அதில் ஒட்டுங்கள். பல எண்களை வரிவரியாக ஒட்டினாலும் எடுத்துக்கொள்ளும்.

நம் தலைப்புக்கு உண்மையில் கனமான சரக்கு இருப்பது மரபறிவுக்கென்றே 2002 முதல் வரும் 'இண்டியன் ஜர்னல் ஆஃப் ட்ரெடிஷனல் நாலெட்ஜ்' இதழிலும், ஷோத்கங்காவிலும். முன்னது சி.எஸ்.ஐ.ஆரின் நிஸ்ப்பர் நிறுவன இதழ்க் களஞ்சியத்தில் இலவசம். அந்த நிறுவனம் 2021-ல் இணைப்புக்குப் பின் வந்த பெயரைத் தாங்குகிறது, முன்பு நிஸ்கேர். பழைய பதிவுகளில் பதிப்பாளர் பெயர் அப்படி இருந்தால் மாற்றாதீர்கள், கட்டுரை வந்த காலத்துப் பெயர்தான் சரி.

ஷோத்கங்கா காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் கல்வராயனைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகளைத் தேட இதைவிட நல்ல இடம் இல்லை. பதிவெடுக்க மட்டும் பொறுமை வேண்டும். ஆய்வேடு ஒரே கோப்பாக இருக்காது. முகப்பு, சான்றிதழ், இயல் ஒன்று, இயல் இரண்டு என்று துண்டுகளாகக் கிடக்கும். கனெக்டரை இயலின் பி.டி.எஃப். பக்கத்தில் அழுத்தாதீர்கள், ஆய்வேட்டின் முதன்மைப் பக்கத்தில் அழுத்துங்கள். வந்த பதிவில் மூன்றைச் சரிபாருங்கள்: வகை 'தீசிஸ்' என்று இருக்கிறதா, நெறியாளரின் பெயர் ஆசிரியர் வரிசையில் ஏறிவிட்டதா, ஆண்டு ஆய்வேடு முடிந்த ஆண்டா அல்லது களஞ்சியத்தில் ஏற்றிய ஆண்டா. மூன்றாவதுக்கு முகப்புப் பக்கக் கோப்பைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆய்வேட்டின் தலைப்பு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் வந்திருந்தால், தலைப்பின்மேல் வலது சொடுக்கி 'சென்டென்ஸ் கேஸ்' ஆக மாற்றலாம். அதன்பின் செடியின் இருபெயர் கெட்டிருக்கும். பேரினத்தின் முதலெழுத்தைக் கையால் பெரிதாக்கிவிடுங்கள்.

கோப்பைத் திறந்து ஒரு பார்வை

ஆர்.ஐ.எஸ். கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு வரியும் இரண்டெழுத்துக் குறியில் தொடங்கும். டி.ஒய். என்றால் வகை, ஏ.யு. என்றால் ஆசிரியர், டி.ஐ. தலைப்பு, பி.ஒய். ஆண்டு. ஒரு பதிவு ஈ.ஆர். என்ற குறியோடு முடியும். குறிக்குப்பின் இரண்டு இடைவெளி, ஒரு சிறுகோடு, மறுபடி ஓர் இடைவெளி. இதைத் தெரிந்து வைத்திருப்பதால் ஒரு லாபம் உண்டு: 300 பதிவு இருக்க வேண்டிய கோப்பிலிருந்து 299 மட்டும் ஏறினால், முடிவுக் குறி இல்லாமல் அடுத்த பதிவோடு ஒட்டிக்கொண்ட ஒன்றை நீங்களே கண்டுபிடித்து வெட்டிவிடலாம்.

தமிழ்த் தலைப்புகள் உள்ள கோப்பு என்றால் இன்னொரு எச்சரிக்கை. நோட்பேடில் திருத்திச் சேமிக்கும்போது குறியாக்கம் யூ.டி.எஃப்.-8 என்று இருக்க வேண்டும். ஆன்சி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்பக் கிடைக்காது. திருத்துவதற்கு முன் மூலக் கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு நகலில் கைவையுங்கள்.

உள்ளே ஏற்றுவது

ஜோட்டெரோவில் ஃபைல், இம்போர்ட். 'ஒரு கோப்பு' என்பதைத் தேர்ந்து காட்டினால் அடுத்த திரையில் 'புதிய தொகுப்பில் வை' என்ற பொருளில் ஒரு டிக் கேட்கும். அதை எடுத்துவிடாதீர்கள். கோப்பின் பெயரிலேயே புதிய தொகுப்பு உருவாகி, அந்தத் தடவை வந்தது எல்லாம் அதற்குள் நிற்கும். தூற்றாத நெல்லைக் குதிரில் கொட்டாமல் களத்திலேயே குவித்து வைப்பது மாதிரி.

ஏறியதும் தொகுப்பில் உள்ள எண்ணிக்கையையும் ஏட்டில் குறித்த எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் மேலே போகவேண்டாம். தவறான கோப்பை ஏற்றியிருந்தால் தொகுப்பின்மேல் வலது சொடுக்கினால் இரண்டு நீக்கும் வழி காட்டும். 'டிலீட் கலெக்ஷன்' தொகுப்பை மட்டும் நீக்கும். அதில் இருந்த பதிவுகள் எல்லாம் உங்கள் நூலகத்துக்குள் அநாதையாக நிற்கும். 'டிலீட் கலெக்ஷன் அண்ட் ஐட்டம்ஸ்' என்பதுதான் பதிவுகளையும் சேர்த்துக் குப்பைக் கூடைக்கு அனுப்பும். எங்கிருந்து வந்தன என்று தெரியாத ஆயிரம் பதிவுகள் நூலகத்தில் மிதப்பதற்குக் காரணம் பலநேரம் இந்த முதல் வழியைத் தேர்ந்தெடுத்ததுதான். கூடையில் போனவை வழக்கமான அமைப்பில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம்.

ஒத்திசைவைப் பற்றி ஒன்று. பதிவுகளை எவ்வளவு வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாக ஒத்திசைக்கலாம். பி.டி.எஃப். கோப்புகளுக்கு இலவச இடம் 300 எம்.பி. மட்டுமே, பழைய ஆய்வேடுகளின் ஸ்கேன் பிரதிகள் நாலைந்து சேர்ந்தாலே அது நிரம்பிவிடலாம். நம் ஆய்வாளர் போன்றவர்கள் கோப்பு ஒத்திசைவை நிறுத்தி வைத்து, பதிவுகளை மட்டும் ஒத்திசைத்து, பி.டி.எஃப்.களைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்வது நல்லது. மலையிலிருந்து மொபைல் டேட்டாவில் ஒத்திசைக்கும்போது இதன் அருமை தெரியும்.

நம் பெயர்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

குடும்பப் பெயர் கடைசியில் வரும் என்று நினைப்பவர்கள் செய்த மென்பொருள்கள் இவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு. அதை முன்னால் போடுவோர் உண்டு, பின்னால் போடுவோர் உண்டு. ஆர். கந்தசாமி என்று வந்தால் பரவாயில்லை: கடைசிச் சொல் கந்தசாமி, ஆகவே பட்டியலில் 'கந்தசாமி, ஆர்.' என்று நிற்கும். கந்தசாமி ஆர் என்று காற்புள்ளி இல்லாமல் வந்தால்? பிப்டெக்ஸ் வடிவத்தின் விதிப்படி கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர். ஆகவே குடும்பப் பெயர் ஆர், சொந்தப் பெயர் கந்தசாமி. ஏ.பி.ஏ. பாணியில் அது 'ஆர், கே.' என்று சுருங்கும். ஆய்வேட்டின் உள்ளே அடைப்புக்குறியில் 'ஆர், 2011' என்று வரும். கந்தசாமி என்பவர் இப்படி ஓர் எழுத்தாகக் கரைந்துபோவார்.

தோற்றப் பிழையோடு இது நிற்பதில்லை. ஜோட்டெரோ இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிப்பது தலைப்பு, டி.ஓ.ஐ., ஐ.எஸ்.பி.என். ஆகியவற்றை வைத்து, அவை பொருந்தினாலோ இல்லாமலிருந்தாலோ ஆண்டையும் ஆசிரியரையும் ஒப்பிடும். ஆசிரியர் ஒப்பீட்டில் ஒருவருடைய குடும்பப் பெயரும் சொந்தப் பெயரின் முதலெழுத்துமாவது பொருந்த வேண்டும். ஒரு தளத்திலிருந்து 'கந்தசாமி, ஆர்.', இன்னொரு தளத்திலிருந்து 'ஆர், கந்தசாமி' என்று வந்தால் மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு பேர். தலைப்பு ஒன்றாக இருந்தும் அந்த ஜோடி இரட்டைப் பட்டியலில் தோன்றாமல் போகலாம். டி.ஓ.ஐ. இல்லாத பழைய இந்திய இதழ்க் கட்டுரைகளில், அதாவது நம் தலைப்புக்கு மிகவும் தேவையானவற்றில்தான் இது கூடுதலாகத் தாக்கும்.

எனவே வரிசை முக்கியம். முதலில் பெயர், பிறகு இரட்டை நீக்கம். தொகுப்பை ஆசிரியர் வரிசையில் அடுக்குங்கள். ஒற்றை எழுத்தில் தொடங்கும் பதிவுகள் ஒரே இடத்தில் கூடிவிடும். ஒவ்வொன்றிலும் பெயரின்மேல் வலது சொடுக்கி, முதற்பெயர் கடைப்பெயரை இடம் மாற்றும் வழியைத் தேர்ந்தெடுங்கள். நூறு பதிவுக்கு அரைமணி நேரம் ஆகலாம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தமிழ் நூல்களுக்கும் இதே இரண்டு புலங்கள்தான்: கடைப்பெயரில் வானமாமலை, முதற்பெயரில் நா. என்று போட்டால் 'வானமாமலை, நா.' என்ற நம் வழக்கமான வடிவம் கிடைக்கும். ஏ.பி.ஏ. போன்ற, முதற்பெயரைச் சுருக்கும் பாணிகளில் மட்டும், நா. என்பது நெடில் குறியை இழக்காமல் வந்திருக்கிறதா, தொ. என்பது முழுதாக நிற்கிறதா என்று ஒரு மாதிரிப் பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள். நிறுவனங்களின் பெயரை ஒற்றைப் புலமாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 'ஆய்வகம், இ. தா.' ஆகிவிடும்.

இரட்டைப் பதிவுகள்

பெயர்கள் நேரான பிறகு இடப்பக்கத்தில் 'டூப்ளிகேட் ஐட்டம்ஸ்' என்பதைத் திறந்து, ஒவ்வொரு ஜோடியிலும் முழுமையான பதிவை முதன்மையாக வைத்து மெர்ஜ் செய்யுங்கள். ஒன்றை அழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்வது வேறு, சேர்ப்பது வேறு. சேர்த்தால் இரண்டின் குறிப்புகளும் இணைப்புக் கோப்புகளும் காப்பாற்றப்படும். ஒன்று கட்டுரை, மற்றது வெப் பேஜ் என்று வகை வேறுபட்டால் மெர்ஜ் நடக்காது, வகையை முதலில் ஒன்றாக்க வேண்டும். ஒரு ஆய்வேடும் அதிலிருந்து எடுத்து வெளியிட்ட கட்டுரையும் கிட்டத்தட்ட ஒரே தலைப்பில் இருந்தால் அவை இரட்டை அல்ல, இரண்டையும் விட்டுவையுங்கள். எத்தனை ஜோடி சேர்த்தீர்கள் என்பதை ஏட்டில் எழுதுங்கள்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள்

எண்ட்நோட்டில் இம்போர்ட் செய்யும்போது கோப்பு எந்த வகை என்று நீங்களே சொல்ல வேண்டும்: ஆர்.ஐ.எஸ். கோப்புக்கு 'ரெஃபரன்ஸ் மேனேஜர்', பப்மெட் கோப்புக்கு 'பப்மெட்' வடிகட்டி. தவறான வடிகட்டியைத் தேர்ந்தால் ஒன்றும் ஏறாது, அல்லது ஏறியது குழம்பியிருக்கும். அங்கேயே இரட்டைகளைத் தள்ளிவிடவா என்றும் கேட்கும். தள்ளச் சொல்லாதீர்கள், மேலே சொன்ன பெயர்ப் பிரச்சினையை அது தீர்க்காது, எண்ணிக்கையும் கைநழுவிவிடும். மெண்டலே 2013 முதல் எல்செவியர் கையில் இருக்கிறது. பழைய மெண்டலே டெஸ்க்டாப்பை 2022 செப்டம்பருக்குப் பின் புதிதாக இறக்க முடியாது. சீனியர் கொடுத்த பழைய பதிப்பை நிறுவி அதிலேயே வருடக்கணக்கில் சேர்க்கத் தொடங்க வேண்டாம்.

ஏற்றவே முடியாதவை

கல்வராயனைப் பற்றிய நூல்களில் முக்கியமான சில எந்தத் தரவுத்தளத்தின் எக்ஸ்போர்ட்டிலும் ஒழுங்காக வராது. டபிள்யூ. பிரான்சிஸ் 1906-ல் எழுதிய தென்னாற்காடு மாவட்ட கெசட்டியர், எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸின் 1918-ஆம் ஆண்டு சேலம் கெசட்டியர், திருச்சி தூய வளனார் கல்லூரி ராபினா உலர்தாவரகத்திலிருந்து கே.எம். மேத்யூ தொகுத்த தமிழ்நாடு கர்நாடகப் பகுதித் தாவர நூல். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் 1915-லிருந்து 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. பின்பகுதிகளை முடித்தவர் பிஷர். பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் மேற்கோள் பதிவை இறக்கலாம், ஆனால் நீங்கள் படித்த பகுதி எது, அதன் ஆண்டு எது, அதை எழுதியவர் எவர் என்பதை நூலைத் திறந்து பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும்.

தமிழ் நூல்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் தேடுங்கள். கிடைத்ததைக் கையால் உள்ளிடுங்கள். மொழிப் புலத்தில் தமிழ் என்று குறிக்கும் ஈரெழுத்துக் குறியைப் போடுங்கள். பட்டியலைத் தமிழ், ஆங்கிலம் என்று இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லும் பல்கலைக்கழகங்களுக்கு அந்தப் புலத்தை வைத்து வடிகட்டிவிடலாம்.

அச்சிட்ட ஆய்வேட்டின் பின்னால் இருக்கும் துணைநூற்பட்டியல் மட்டும் கையில் இருந்தால் முழுவதையும் தட்ட வேண்டாம். கிராஸ்ரெஃப் தளத்தில் 'சிம்பிள் டெக்ஸ்ட் குவெரி' என்ற பக்கத்தில் பட்டியலை ஒட்டினால், டி.ஓ.ஐ. உள்ளவற்றுக்கு எண்ணைக் கண்டுபிடித்துத் தரும். அந்த எண்களை மந்திரக்கோலில் ஒட்டுங்கள். மீதியை 'எனிஸ்டைல்' என்ற தளத்தில் ஒட்டினால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று பிரித்து பிப்டெக்ஸாகத் தரும். அதிலும் நம் பெயர்கள் இடம் மாறியிருக்கும், ஆகவே அந்தத் தொகுப்பையும் ஆசிரியர் வரிசையில் அடுக்கி ஒற்றை எழுத்துகளைத் தேடுங்கள்.